கோமதிநாயகத்துக்குள் அறுபது ஜிபி

கோமதிநாயகத்துக்குள் இரண்டாவதாக ஒரு சிஸ்டம் போட அறுபது ஜிபி இடம் வேண்டியிருந்தது. அவருக்குள் காலியாக இருந்தது மூன்று. அதிலும் ஒன்றில் ஓதம் ஏறியிருந்தது.

தென்காசிப் பக்கம் எல்லோருக்குள்ளும் ஓடுவது மருதம் என்கிற சிஸ்டம். கடற்கரைப் பக்கம் எல்லோருக்குள்ளும் ஓடுவது நெய்தல். ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத்தான் வந்து விழும். தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா பலவேசமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வெகுநேரம் மனம் திறந்து பேசினார். அவ்வளவும் சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்து கூடத்தின் நடுவில் குவிந்தது. அவர்கள் போனபிறகு கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள் அதை இரண்டு முறம் அள்ளி வெளியே கொட்டினாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத மனுஷர் என்று அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மகள் குழல்வாய்மொழியும் அந்தப் பையனும் குற்றாலத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். இரண்டு வருஷமாக அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. இப்படிப் பொருத்தமான ஜோடியைத் தான் பார்த்ததே இல்லை என்று தரகர் சொன்னார். அவருடைய தொழிலுக்கு இரண்டு சிஸ்டமும் வேண்டும் என்பதால் சின்ன வயதிலேயே இரண்டையும் போட்டுக்கொண்டவர்.

சம்பந்தி வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. பெண் வீட்டில் ஒருவருக்காவது நெய்தல் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு நல்லது கெட்டது பேசிக்கொள்ள வேண்டாமா? நியாயமான பேச்சுதான். வழக்கமாக அந்த ஒருவர் மணப்பெண்ணாகத்தான் இருப்பாள். கல்யாணத்தன்று காலையில், தாலி கட்டுவதற்கு முன்னால், அழிப்பு முகூர்த்தம் என்று ஒன்று வரும். அந்த நல்ல நேரத்தில் பெண்ணுக்குள் இருப்பதை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டுச் சிஸ்டத்தைப் போடுவார்கள். அழிகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மேளத்தைக் கொஞ்சம் உரக்க வாசிப்பார்கள்.

உலகம்மாளுக்கும் அப்படித்தான் நடந்தது. அவளுக்குப் போட்டது மருதத்திலேயே புதுப் பதிப்புதான் என்றாலும் அழித்தது அழித்ததுதான். தாலி ஏறியபின் அவள் தம்பி ஆவுடையப்பன் எதிரே வந்து நின்று, “அக்கா, நான் ஒனக்குத் தம்பி” என்று அறிமுகம் செய்துகொண்டான். “அப்படியா, உக்காருங்க” என்றாள் அவள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

“அப்பா, என்னை அழிக்க விட்டுருவீங்களா?” என்று மகள் குழலி கேட்டாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டதால், அவள் கண்ணில் வந்த தண்ணீரை எதில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

கோமதிநாயகம் குடைக்கடை வைத்திருப்பவர். சாரல் ஊரில் குடை விற்றே ஒரு வீட்டைக் கட்டி ஒரு பெண்ணைப் படிக்கவைத்தவர். மகள் தூத்துக்குடிக்குப் போவதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. நல்ல பஸ்ஸாகப் பிடித்தால் காலைக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் போய் இறங்கும்போது அவள் கதவைத் திறந்து, “யாரு வேணும் உங்களுக்கு?” என்று மரியாதையாகக் கேட்பதை நினைத்துப் பார்த்தார். அதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஒன்னைத் தொட விட மாட்டேன். அந்த நெய்தலை நான் போட்டுக்கிடுதேன்,” என்றார்.

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் அழிக்காமல், பக்கத்தில் இடம் ஒதுக்கி இன்னொன்றைப் போட்டுக்கொள்வதை அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தரகர் தூத்துக்குடி போய்ப் பேசிவிட்டு வந்தார். சம்பந்தி சம்மதித்துவிட்டார். ஆனால் கல்யாணத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் வழக்கப்படி பெண்ணை அழித்துவிட வேண்டியதுதான்.

மைதீன்பாத்து கடையநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். அந்த வட்டாரத்தில் யாருக்குச் சிஸ்டம் போடுவதென்றாலும் அவள்தான். வந்தவுடன் கோமதிநாயகத்தை முக்காலியில் உட்காரவைத்து, பிடரியில் ஒயரைச் சொருகி, மடியில் இருந்த திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“மாமா, என்ன இவ்வளவு குப்பை வச்சிருக்கீங்க?”

“குப்பையா? எல்லாம் வேண்டியது தாயி.”

“செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்துபோன நேரம் இப்பம் வேண்டியதா?”

“திரும்ப விட்டாம்னா?”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கோமதிநாயகத்தின் காதிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. ஒரு விசில் சத்தம் கேட்டுத் தேய்ந்துபோனது.

இடத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நகல் ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்பது அவள் தொழில் ஒழுக்கம். ஏதாவது ஏடாகூடமானால் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். உலகம்மாளிடம் எடுத்து வைக்கலாமென்று பார்த்தால் அவளுக்குள் இடமே இல்லை. முக்கால்வாசி கோமதிநாயகம் சொன்ன கதைகள்தான் அடைத்துக்கொண்டு கிடந்தன. கடைசியில் மாடிவீட்டில் தனியாக இருக்கும் சாலமோன் சாரைக் கேட்டார்கள். யார் சொல்வதையும் காதில் வாங்காமல் வாழ்ந்தவர் என்பதால் அவருக்குள் காலி இடம் ஏக்கர் கணக்கில் கிடந்தது. நகல் எடுத்த மறுநாள் காலை அவர் மாடிப்படியில் எட்டிப் பார்த்து, “ஏட்டி உலகு, காப்பி என்னாச்சு?” என்றார். அன்றிலிருந்து உலகம்மாள் இரண்டு டம்ளர் ஆற்றினாள்.

அதன் பிறகு ஒழிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. பாதியில் விட்ட வாக்கியங்களை எல்லாம் துடைத்ததில் நாலு ஜிபி கிடைத்தது. மறந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டு, ஆனால் கூடையில் அப்படியே போட்டு வைத்திருந்தவற்றைக் கொட்டியதில் ஒன்பது கிடைத்தது. இளவயதில் மெட்ராஸுக்குப் போய்ச் செருப்பைத் தொலைத்த கதைக்கு மட்டும் நூற்றுக்கு மேல் பிரதிகள் இருந்தன. சொல்லும்போதெல்லாம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

“ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிருவமா மாமா?”

“எந்த ஒண்ணு?”

அங்கேதான் சிக்கல். ஒன்றில் செருப்பு சென்ட்ரலில் தொலைந்தது, ஒன்றில் கடற்கரையில். ஒன்றில் அது புதுச் செருப்பு, ஒன்றில் மாமனார் வாங்கிக் கொடுத்தது. சிலவற்றில் செருப்பு கிடைத்தே விட்டிருந்தது. கோமதிநாயகம் எதையும் விட மனமில்லாமல் தவித்தார். பார்த்துக்கொண்டிருந்த குழலி குனிந்து, செருப்பு கிடைத்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். சரியென்று அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பெரிய இழப்பு மதியத் தூக்கம். அது எட்டு ஜிபி. சாப்பிட்டு முடித்ததும் அப்படியே அணையாமல் அணைந்து கிடப்பதற்காக ஒதுக்கப்பட்ட இடம் என்று மைதீன்பாத்து விளக்கினாள். அதை எடுத்துவிட்டால் இனி ஆயுசுக்கும் மதியம் கண் மூடாது. கோமதிநாயகம் கடைசியாக ஒருமுறை தூங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார். விட்டார்கள். பாயை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆசைதீரத் தூங்கி எழுந்து, “எடுத்துக்கோ தாயி” என்று பிடரியைக் காட்டினார். அன்றைக்கு அவர் மகள் வெங்காயம் உரிக்காமலேயே அழுதாள்.

எல்லாம் சேர்ந்து அறுபத்தொன்று ஆனது. மைதீன்பாத்து உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு, மருதத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினாள். கோமதிநாயகத்தின் விலா கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். அவருக்கு ஏப்பம் வந்தது, வேறொன்றும் அசையவில்லை.

“நடுவுல ஒண்ணு கிடக்கு மாமா. நகர மாட்டேங்கு. அதுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமா இடம் இருந்து என்ன செய்ய? சேர்ந்தாப்ல அறுபது வேணும்லா.”

“என்னது அது?”

“இஞ்சிப் பச்சடின்னு போட்டிருக்கு.”

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். உலகம்மாள்தான் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி ஆவுடையப்பனின் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் சொதி என்றால் கூடவே இஞ்சிப் பச்சடி வந்தாக வேண்டும், அது இல்லாமல் சொதி செரிக்காது. அன்றைக்கு மூத்த மாப்பிள்ளையான கோமதிநாயகத்தின் இலைக்கு மட்டும் பச்சடி வரவில்லை. அவர் சொதியைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் மச்சினனிடம் ஒரு பேச்சு கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“அதான் நகர மாட்டேங்கு,” என்றாள் மைதீன்பாத்து. “தெனமும் திறந்து பாக்கீயள்லா. திறந்து கிடக்கிறதை நகத்த முடியாது மாமா, மூடணும். இது அவங்க பக்கமும் திறந்துதான் கிடக்கு, பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மூடணும்.”

“நான் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.”

“சரி மாமா. அப்பம் குழலியை அழிச்சிருவாவ,” என்று அவள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கோமதிநாயகம் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நாலு பேரும் மச்சினன் ஊரான சுரண்டைக்குப் பஸ் ஏறினார்கள். இத்தனைக்கும் அவருக்கு வழியெல்லாம் கோபம்தான். ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நிறுத்தம் வரும்போதெல்லாம் மகள் பக்கம் திரும்பி, அவள் தன்னை அப்பா என்று கூப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் லைன்மேன். கதவை இடது கையால் திறந்தான். வலது கையில் தூக்குவாளி தொங்கியது. அதில் இஞ்சிப் பச்சடி இருந்தது.

அன்றைக்குப் பந்தியின் மறுகோடியிலிருந்து விளம்பிக்கொண்டே வந்தவன் அவன்தான். அத்தான் இலைக்கு வந்து சேர்ந்தபோது இலை மடித்துக் கிடந்தது. மூத்த மாப்பிள்ளைக்கு விளம்பாமல் வாளியைக் கீழே வைப்பது முறையில்லை என்பதால் அவன் வைக்கவில்லை. வாளியோடுதான் வேலைக்குப் போனான், வாளியோடுதான் கம்பம் ஏறினான். குழந்தைகள் பிறந்தபோது ஒற்றைக் கையில் வாங்கினான். அவன் வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

“அத்தான், இலை போட்டிருக்கு, உக்காருங்க,” என்றான்.

“இத்தனை நாளும் கீழ வைக்கலையாடே?”

“உங்களுக்கு விளம்பாம எப்படி வைக்க?”

கோமதிநாயகம் உட்கார்ந்தார். உள்ளே என்னவோ சரசரவென்று சரிந்தது. எதிர்த்த வீட்டில்கூடக் கேட்டிருக்கும். ஆவுடையப்பன் குனிந்து இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தான். அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு, புளி, வெல்லம் எல்லாம் சரியாக இருந்தது. இஞ்சியின் காரம் சுள்ளென்று ஏறி மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதே சமயம் எழுந்து குதிக்க வேண்டும்போலச் சந்தோஷமாகவும் இருந்தது. “இன்னொரு கரண்டி வைடே,” என்றார்.

இரண்டு பேர் பிடரியிலும் ஒயரைச் சொருகித் தயாராக இருந்த மைதீன்பாத்து பொத்தானை அழுத்தி, “மூடிட்டு!” என்று கத்தினாள். ஆவுடையப்பன் வாளியைக் கீழே வைத்தான். கொக்கியாகவே மடங்கிப் போயிருந்த அவன் விரல்களை உலகம்மாள் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவரைத் தம்பி என்று நம்பி இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் அவனை, “ஏல தம்பி” என்றாள்.

அங்கேயே அந்த வீட்டுக் கூடத்தில் வேலை நடந்தது. மருதம் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் சுவர் எழும்பி, அந்தப் பக்கத்தில் அறுபது ஜிபி வெறிச்சென்று கிடந்தது. கோமதிநாயகம் பேசினால் லேசாக எதிரொலித்தது. மைதீன்பாத்து நெய்தலை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர் காதிலிருந்து உப்புக்காற்று அடித்தது. இனிமேல் காலையில் கண் விழிக்கும்போது இமைக்குள் இரண்டு வரி தோன்றும் என்றும், வேண்டியதன்மேல் பார்வையை வைத்துக் கொட்டாவி விட வேண்டும் என்றும், ஒன்றும் செய்யாவிட்டால் தானாகவே மருதம் வந்துவிடும் என்றும் சொன்னாள். பகலில் மாற வேண்டுமானால் இரண்டு காதையும் பிடித்து ஒரு தோப்புக்கரணம் போட்டால் போதும்.

“இன்னொண்ணு மாமா. நடுவுல சுவர் இருக்குல்லா, இதுல உள்ளது அதுக்குத் தெரியாது, அதுல உள்ளது இதுக்குத் தெரியாது. புரியுதா?”

கோமதிநாயகம் அப்போது பச்சடியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். யாரும் அதை மறுபடி கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது, போட்டுப் பார்த்துச் சோதிக்கவும் நேரமில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டபம் நிறைந்துவிட்டது. சாலமோன் சார் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆவுடையப்பன் எதிரில் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நகலில் இன்னும் பச்சடி மூடவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நின்றது. கோமதிநாயகம் பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு காதையும் பிடித்து ஒரு தோப்புக்கரணம் போட்டார். எழுந்தபோது நெய்தலில் இருந்தார்.

“வாங்க வாங்க, கடல் எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டதும் பலவேசமுத்து அப்படியே கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் தோளில் கை போட்டபடி உள்ளே நடந்தார்கள். காற்று, வலை, உப்பு விலை, சுறாப்புட்டு என்று பேச்சு பொங்கிப் பொங்கி வந்தது. கோமதிநாயகத்துக்கு இப்படி ஒரு சிநேகிதம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் பகுதியில் நடுநாயகமாக உட்கார்ந்து, மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை, காப்பியில் சூடு போதவில்லை, பெண் வீட்டுக்காரர்களுக்குக் கவனிக்கத் தெரியவில்லை என்று குறை சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

உலகம்மாள் ஓடிவந்து அவர் முன்னால் நின்று என்னவோ படபடத்தாள். அவர் காலடியில் கட்டங்கள் கொட்டின. அவள் தன் இரண்டு காதையும் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து காட்டினாள்.

“யாரு இந்தம்மா? நம்மகிட்ட எதுக்கு மன்னிப்புக் கேக்காவ?” என்று பலவேசமுத்துவிடம் கேட்டார். “லட்சணமா இருக்காவ, பாவம், விடுங்க.”

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரிய அத்தை முத்துக்கனி எழுந்தாள். வழக்கம் என்றால் வழக்கம் என்று நிற்பவள். பெண் வீட்டுப் பக்கம் போய் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நெய்தல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். நெய்தல் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியானால் நிபந்தனை நிறைவேறவில்லை, அழிப்பு முகூர்த்தமும் நெருங்கிவிட்டது, பெண்ணைக் கூட்டிவாருங்கள் என்றாள்.

குழலியைக் கூட்டிவந்தார்கள். மேளக்காரர்கள் உரக்க வாசிக்கத் தயாரானார்கள். அவள் நேராகக் கோமதிநாயகத்தைப் பார்த்து மூன்று கட்டம் பேசினாள். அவை உருண்டு வந்து அவர் பெருவிரலில் முட்டி நின்றன. மறுபடியும் அதே மூன்று கட்டம்.

கோமதிநாயகத்துக்கு அந்தப் பெண் யாரென்று தெரியவில்லை. நெய்தலில் அவருக்கு மகள் கிடையாது. மனைவியும் கிடையாது, குடைக்கடையும் கிடையாது, அறுபது ஜிபியில் பாதிக்குமேல் வெறும் மணல்தான். ஆனால் அவளைப் பார்த்ததும் அவருக்கு மனது ஏனோ துள்ளியது. இப்படி ஒரு மகள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் மூக்குக்குமேல் கோபம் வந்தது.

“ஏன் அழிக்கணும்ங்கேன்!” என்று எழுந்து நின்றார். “முழுசா வளந்த பொண்ணு. யாரோ ஒரு மனுஷன் பெத்து, பாத்துப் பாத்து உள்ள ஒண்ணொண்ணா சேத்து வச்சிருப்பான். நாம வந்து துடைச்சுட்டுப் போவமா? நமக்குக் கூச்சமா இல்ல?”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரே இப்படிச் சொன்னது சபையை அசைத்துவிட்டது. பெண் வீட்டார் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பலவேசமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்கனிதான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

“சரி, பொண்ணை விட்டுருவோம். அழிப்பு முகூர்த்தம் வீணாப் போவுதே, அதுக்கு என்ன சொல்லுதிய? எதையாவது அழிக்கணுமே.”

“மண்டபத்தை அழிங்க,” என்றார் கோமதிநாயகம்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மைதீன்பாத்து ஒயரை மண்டபத்தின் நிலைப்படியில் சொருகினாள். மேளம் உச்சத்துக்குப் போனது. சுவர்கள் போயின, தூண்கள் போயின, அதுவரை அங்கே நடந்த கல்யாணங்களின் சாம்பார் வாசனை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனது. நாற்காலியில் இருந்தவர்கள் இருந்தபடியே வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் அந்த இடத்தில் நெய்தலைப் போட்டாள். மேற்கே மலை அப்படியே இருக்க, கிழக்குப் பக்கமாகக் கடல் வந்து நின்றது. பெண்கள் கொலுசு நனையாமல் சேலையைத் தூக்கிக்கொண்டார்கள். முத்துக்கனிக்குப் பரம திருப்தி.

மண்டபத்து வாசலில் இருந்த பிள்ளையார் மட்டும் அழியவில்லை. அவரை அழிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. மணலில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையாரைக் கண்டதும் கோமதிநாயகம், நல்ல காரியம் நடந்திருக்கிறதே என்று பக்தியோடு போய் நின்று, இரண்டு காதையும் பிடித்து ஒரு தோப்புக்கரணம் போட்டார்.

பாதியில் குந்தியபடியே நின்றுவிட்டார். அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. ஐயர் மந்திரத்தை இழுத்தார், நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார், முகூர்த்தம் தன்னால் முடிந்தவரை இழுத்துக்கொண்டு நின்றது. உலகம்மாள் பக்கத்தில் குந்தி அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக அவர் எழுந்து கண்ணைத் திறந்தார்.

“அப்பா,” என்றாள் குழலி.

“என்ன தாயி?”

தண்ணீர் கணுக்காலை நனைக்க நனைக்க அவர் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்தார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. தாலி ஏறியது. அட்சதையைப் போட்டுவிட்டு முதல் வேலையாக, “ஒன்னை அழிக்கலையே?” என்று கேட்டார்.

“அழிக்கத்தான் வந்தாவ. மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியவங்க சண்டை போட்டு நிறுத்திட்டாங்கப்பா.”

“அப்படியா! யாரு அவரு?”

“பேரு தெரியலப்பா. ரொம்ப நல்லவங்க,” என்றாள் குழலி.

“பேரு தெரியாட்டா என்ன, ஒரு கும்பிடு போடாம நான் சாப்பிட மாட்டேன்,” என்று கோமதிநாயகம் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டார் பகுதியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பலவேசமுத்துவிடம் கையெடுத்துக் கும்பிட்டு விசாரித்தார். பலவேசமுத்து ஒரே ஒரு கட்டம் பேசிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பந்தி போட்டார்கள். கோமதிநாயகம் தன் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொல்லி, அந்தப் பெரியவர் எப்படியும் வருவார், எல்லாவற்றையும் முறையாக விளம்புங்கள் என்றார். அப்பளம் நமத்துவிடக் கூடாதென்று இரண்டு முறை மாற்றி வைக்கச் சொன்னார். கடல் அதற்குள் இடுப்பளவு வந்திருந்தது. இலைகள் மெதுவாக எழும்பி மிதந்தன, சாப்பிடுகிறவர்களும் கூடவே எழும்பினார்கள். ஆவுடையப்பனும் விளம்புகிறவர்களும் சாம்பார் வாளியோடு ஒரு படகில் ஏறிப் பின்னாலேயே துடுப்புப் போட்டு வந்தார்கள். ரசத்துக்குச் சாதம் கேட்டவர்களுக்கு எட்டி வைத்தார்கள்.

பாயசம் வந்தபோது பந்தி திருச்செந்தூரைத் தாண்டியிருந்தது.